போர்டு அடிக்கும் கன மீட்டருக்கும் நடுவே காணாமல் போகும் மரம்

எந்த மரக் கணக்கு அட்டவணையை எடுத்தாலும் 1000 போர்டு அடி (அறுத்த மரத்தின் கன அளவைச் சொல்லும் ஓர் அலகு) என்பது 2.36 கன மீட்டர் என்று போட்டிருக்கும். அதே 1000 போர்டு அடிக்கு அமெரிக்க ‘டூ பை ஃபோர்’ சட்டங்களை வாங்கி, இறக்கி அடுக்கி, டேப் வைத்து அளந்து பெருக்கிப் பாருங்கள். 1.55 கன மீட்டர்தான் தேறும். அட்டவணையில் தப்பில்லை. விற்றவரும் ஏமாற்றவில்லை. ஆனாலும் மூன்றில் ஒரு பங்கு மரத்தைக் காணோம்.

அலகு மாற்றம் என்றால் ஓர் எண்ணால் பெருக்கினால் வேலை முடிந்தது என்று நினைக்கிறோம். பவுண்டைக் கிலோவாக்க அது போதும். மரத்துக்குப் போதாது. பெருக்குவதற்கு முன்னால் ஒரு கேள்வி இருக்கிறது: இவர்கள் எதை அளந்தார்கள்? அறுத்தபோது இருந்த அளவையா, காய்ந்து இழைத்தபின் நிற்கும் அளவையா, பெயருக்குச் சொல்லும் அளவையா? இதற்குப் பதில் தெரிந்துவிட்டால் மிச்சம் எல்லாம் கால்குலேட்டர் வேலை.

முதலில் அந்தக் கால்குலேட்டர் வேலையை முடித்துவிடுவோம்.

ஓர் அங்குலம் என்பது துல்லியமாக 25.4 மில்லிமீட்டர். அமெரிக்கா, பிரிட்டன் உள்ளிட்ட ஆறு நாடுகள் 1959இல் ஒப்புக்கொண்டு நிலைநிறுத்திய அளவு இது. ஆகவே ஓர் அடி 0.3048 மீட்டர். இதை மூன்று முறை பெருக்கினால் ஒரு கன அடி 0.0283168 கன மீட்டர் என்று வரும். தலைகீழாகச் சொன்னால் ஒரு கன மீட்டருக்கு 35.3147 கன அடி. புதிதாகப் பழகுகிறவர்கள் அடிக்கடி சறுக்குகிற இடமும் இதுதான். மீட்டருக்கு 3.28 அடி என்பது மனதில் பதிந்திருப்பதால் கன மீட்டரையும் 3.28ஆல் பெருக்கிவிடுவார்கள். நீளம், அகலம், தடிமன் மூன்றுமே அடியாக மாற வேண்டும், எனவே 3.28ஐ மூன்று முறை பெருக்க வேண்டும். அப்போதுதான் 35.3 வரும்.

அடுத்த சறுக்கல், அலகுகள் கலந்து வருவது. மரத்துக்குத் தடிமனையும் அகலத்தையும் அங்குலத்தில் சொல்வார்கள், நீளத்தை மட்டும் அடியில் சொல்வார்கள். 5 அங்குலம் அகலம், இரண்டரை அங்குலம் தடிமன், 7 அடி நீளம் என்று ஒரு நிலைச் சட்டம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மூன்றையும் பெருக்கினால் 87.5. இது கன அடியும் இல்லை, கன அங்குலமும் இல்லை. ஒரு சதுர அடியில் 144 சதுர அங்குலம் என்பதால் 144ஆல் வகுக்க வேண்டும். 0.61 கன அடி கிடைக்கும். கன மீட்டரில் 0.0172. மூன்று அளவுமே அங்குலமாக இருந்தால் 144க்குப் பதில் 1728ஆல் வகுக்க வேண்டும்.

அதே 87.5ஐ 12ஆல் வகுத்தால் 7.29 வரும். அதுதான் போர்டு அடி.

போர்டு அடி என்பது என்ன

ஓர் அடி நீளம், ஓர் அடி அகலம், ஓர் அங்குலத் தடிமன். இப்படி ஒரு பலகையில் இருக்கும் மரமே ஒரு போர்டு அடி. ஒரு கன அடிக் கட்டையை ஓர் அங்குலப் பலகைகளாக அறுத்தால் பன்னிரண்டு பலகை வரும் (ரம்பம் தின்னும் தூளை மறந்துவிட்டால்). ஆகவே ஒரு கன அடிக்கு 12 போர்டு அடி, ஒரு கன மீட்டருக்கு 423.8 போர்டு அடி. பலகை அந்த வடிவத்தில்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. 2 அங்குலத் தடிமன், 6 அங்குல அகலம், ஓர் அடி நீளம் என்றாலும் ஒரு போர்டு அடிதான். ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் மெட்ரிக் வருவதற்கு முன்பு இதையே ‘சூப்பர் ஃபுட்’ என்று அளந்தார்கள். பழைய ஆவணத்தில் அந்தப் பெயரைப் பார்த்தால் புதிய அலகோ என்று பயப்பட வேண்டாம்.

மொத்த வியாபாரத்தில் இது ஆயிரக்கணக்கில் வரும். எம்பிஎஃப் என்று எழுதுவார்கள். இங்கே ‘எம்’ ரோமானிய எண்ணில் ஆயிரம். மெகாவும் இல்லை, மில்லியனும் இல்லை. மில்லியன் போர்டு அடி என்றால் இரண்டு ‘எம்’ போட்டு எம்எம்பிஎஃப் என்பார்கள். இதை மாற்றிப் படித்தால் விடை ஆயிரம் மடங்கு தவறும். அவ்வளவு பெரிய தவறு யார் கண்ணிலும் பட்டுவிடும் என்பதால் அதனால் பெரிய ஆபத்து இல்லை. கண்ணில் படாத தவறுதான் ஆபத்து.

வன்மரப் பலகைகளில் ஒரு சின்ன வழக்கத்தையும் தெரிந்துகொள்ள வேண்டும். அங்கே தடிமனைக் கால் அங்குலக் கணக்கில் சொல்வார்கள். 4/4 என்றால் ஓர் அங்குலம், 6/4 என்றால் ஒன்றரை, 8/4 என்றால் இரண்டு. ஓர் அங்குலத்துக்குக் குறைந்த தடிமனைப் போர்டு அடிக் கணக்கில் ஓர் அங்குலமாகவே எடுத்துக்கொள்வது வழக்கம். முக்கால் அங்குலத் தடிமனும் 6 அங்குல அகலமும் 8 அடி நீளமும் உள்ள ஒரு பலகையில் உண்மையில் 3 போர்டு அடி மரம் இருக்கிறது. பில்லில் 4 என்று இருக்கும்.

பெயரளவும் கையளவும்

இப்போது காணாமல் போன மரத்துக்கு வருவோம்.

‘டூ பை ஃபோர்’ என்ற பெயரைக் கேட்டால் 2 அங்குலத்துக்கு 4 அங்குலம் என்று தோன்றும். டேப் வைத்தால் ஒன்றரைக்கு மூன்றரை அங்குலம்தான் காட்டும். 38க்கு 89 மில்லிமீட்டர். இது யாரோ ஒரு மில்லில் செய்த கோளாறு இல்லை. அமெரிக்க மென்மரத் தரவிதியே அப்படித்தான். பச்சை மரமாகச் சொரசொரப்பாக அறுத்தபோது இருந்த அளவைச் சுற்றிப் பெயர் அமைந்தது. மரம் காய்ந்து சுருங்கி, நாலு பக்கமும் இழைத்து வழவழப்பானபின் அளவு குறைந்தது. பெயர் மட்டும் அப்படியே நின்றுவிட்டது. முதலில் சொன்னது பெயரளவு, இரண்டாவது உண்மையளவு.

போர்டு அடியைக் கணக்கிடுவது பெயரளவை வைத்து. முழுக் குழப்பத்துக்கும் வேர் இந்த ஒரு வரிதான். 8 அடி நீளமுள்ள ஒரு டூ பை ஃபோரை எடுத்துக்கொள்ளுங்கள். பெயரளவில் 2 × 4 × 8 ÷ 12 = 5.33 போர்டு அடி. உண்மையில் 1.5 × 3.5 × 8 ÷ 12 = 3.5 போர்டு அடி. பில்லில் இருப்பதில் 65.6 சதவீதம்தான் கையில் இருக்கிறது. 2.36ஐ இந்த விகிதத்தால் பெருக்கினால் முதலில் சொன்ன 1.55 வந்துவிடும்.

சரி, 65.6 சதவீதத்தை மனப்பாடம் செய்துவிட்டால் தீர்ந்ததா என்றால், இல்லை. இழப்பின் பங்கு சைஸுக்குச் சைஸ் மாறுகிறது. 2×6 சட்டத்தின் உண்மையளவு 1½ × 5½, விகிதம் 68.75 சதவீதம், 1000 போர்டு அடிக்கு 1.62 கன மீட்டர். 2×10 என்றால் 1½ × 9¼, 1.64 கன மீட்டர். 4×4 தூணுக்கு 3½ × 3½ என்பதால் விகிதம் 76.6 சதவீதத்துக்கு ஏறி 1.81 கன மீட்டர் வரும். ஆகவே பெயரளவுப் போர்டு அடியைக் கன மீட்டராக்க ஒரே எண் கிடையாது. ஒவ்வொரு சைஸுக்கும் ஓர் எண். பல சைஸ் கலந்து வரும் சரக்கை ஒரே எண்ணால் பெருக்கிவிட்டு, மூன்று தசம இடம் வரை விடை எழுதுகிறவர்களைப் பார்த்தால் எனக்குச் சிரிப்புத்தான் வரும்.

இது விலையில் எப்படிக் கடிக்கிறது என்று பாருங்கள். 1000 போர்டு அடி டூ பை ஃபோரின் விலை 100 என்று வைப்போம்; எந்த நாணயம் என்பது முக்கியமில்லை. அட்டவணையைப் பார்த்து 2.36ஆல் வகுத்தால் கன மீட்டருக்கு 42.4. உண்மையான மரத்துக்கு உண்மையான விலை வேண்டுமென்றால் 1.55ஆல் வகுக்க வேண்டும், 64.5 வரும். ஒன்றரை மடங்கு வித்தியாசம். மில்லிமீட்டர் அளவில் விற்கும் வேறொருவர் கன மீட்டருக்கு 55 கேட்டால், முதல் கணக்கில் அவர் அநியாய விலைக்காரர், இரண்டாவது கணக்கில் அவரே மலிவு. ஆயிரம் மடங்குத் தவறு உடனே பிடிபடும். இந்த ஒன்றரை மடங்குத் தவறு விலை ஒப்பீட்டுக்குள் சத்தமில்லாமல் உட்கார்ந்துகொள்ளும்.

அதற்காகப் பெயரளவே மோசடி என்று சொல்லிவிட முடியாது. வாங்குகிறவருக்கும் விற்கிறவருக்கும் ஒரே தரவிதி தெரிந்திருக்கிறது, விலையும் அதற்கேற்பவே பேசப்படுகிறது. அந்த வட்டத்துக்கு வெளியே கணக்கை எடுத்துக்கொண்டு போகும்போதுதான் தகராறு. மெட்ரிக் நாடுகளிலும் இந்தக் கேள்வி அடியோடு ஒழிந்துவிடுவதில்லை. ஈரப்பதம் ஏறத்தாழ 30 சதவீதத்துக்குக் கீழே இறங்கியதும் மரம் சுருங்கத் தொடங்குகிறது. நீளவாக்கில் சுருக்கம் இல்லையென்றே சொல்லலாம், குறுக்குவாக்கில் கண்ணுக்குத் தெரியும். பச்சையாக அளந்த 50 மில்லிமீட்டர் காய்ந்தபின் 50ஆக நிற்காது. எந்த நிலையில் அளந்தது என்று பில்லில் எழுதியிருந்தால் அது நல்ல பில்.

ஷீட்டுக்கு வேறு கணக்கு

பிளைவுட், ஓஎஸ்பி (மரச் சீவல்களை ஒட்டி அழுத்திய ஷீட்), பார்ட்டிகிள் போர்டு, எம்டிஎஃப் (மர நாரை ஒட்டி அழுத்திய ஷீட்) எல்லாம் பலகைபோல இருந்தாலும் போர்டு அடியில் வராது. ஷீட் எண்ணிக்கையில் வரும், சதுர அடியில் வரும், கன மீட்டரில் வரும். அப்புறம், வட அமெரிக்கப் புள்ளிவிவரங்களில் விநோதமான ஒன்று வரும்: ‘ஆயிரம் சதுர அடி, 3/8 அங்குல அடிப்படை’.

சதுர அடி பரப்பைத்தான் சொல்லும், தடிமனைச் சொல்லாது. கால் அங்குல ஷீட்டும் முக்கால் அங்குல ஷீட்டும் பரப்பில் ஒன்றுதான், மரத்தில் மூன்று மடங்கு வித்தியாசம். ஓர் ஆலை இந்த ஆண்டு எத்தனை சதுர அடி தயாரித்தது என்று கூட்டினால் அந்தத் தொகைக்கு அர்த்தமே இருக்காது. அதனால் எல்லா ஷீட்டையும் 3/8 அங்குலத்துக்குத் தட்டி நீட்டியதாகப் பாவித்துக்கொண்டு, அப்போது எத்தனை சதுர அடி வரும் என்று கணக்கிடுகிறார்கள், சப்பாத்தி மாவை ஒரே கனத்துக்குத் தேய்த்து, பரப்பை மட்டும் ஒப்பிடுவதுபோல. எனவே பெயரில் சதுர அடி இருந்தாலும் இது கன அளவுதான்.

1000 சதுர அடி, 3/8 அங்குலத் தடிமன் என்றால் 31.25 கன அடி, அதாவது 0.885 கன மீட்டர். பார்ட்டிகிள் போர்டுக்கும் எம்டிஎஃப்புக்கும் முக்கால் அங்குல அடிப்படை. அது சரியாக இரட்டிப்பு, 1.77 கன மீட்டர். ஹார்டுபோர்டுக்கு 1/8 அங்குல அடிப்படை. மூன்றில் ஒரு பங்கு, 0.295 கன மீட்டர். அடிப்படை எது என்று பார்க்காமல் மூன்றையும் ஒரே பத்தியில் போட்டுக் கூட்டினால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

ஓர் உதாரணத்தை முழுதாகப் போட்டுப் பார்ப்போம். 8 அடிக்கு 4 அடி, முக்கால் அங்குலத் தடிமன், 500 ஷீட். ஒரு ஷீட் 32 சதுர அடி. மொத்தம் 16,000 சதுர அடி. முக்கால் என்பது 3/8இன் இரு மடங்கு, ஆகவே 3/8 அடிப்படையில் 32,000 சதுர அடி. 32ஐ 0.885ஆல் பெருக்கினால் 28.3 கன மீட்டர். இதை வேறு வழியிலும் சரிபார்க்கலாம்: முக்கால் அங்குலம் என்பது அடியில் பதினாறில் ஒரு பங்கு; 16,000 ÷ 16 = 1000 கன அடி; அதுவும் 28.3 கன மீட்டர்தான். இரண்டு வழியில் போட்டும் ஒரே விடை வந்தால் தடிமனை எங்கேயும் தவறவிடவில்லை என்று அர்த்தம்.

ஓஎஸ்பியில் அதிகம் புழங்கும் தடிமன் 7/16 அங்குலம். அதன் 1000 சதுர அடியை 3/8 அடிப்படைக்குக் கொண்டுவர 1.167ஆல் பெருக்க வேண்டும், அதாவது ஆறுக்கு ஏழு. விலை 7/16 ஷீட்டின் பரப்புக்கும் உற்பத்தி 3/8 அடிப்படைக்கும் சொல்லப்பட்டிருக்கும்போது இந்த 17 சதவீதம் நழுவிப்போவது சகஜம்.

மில்லிமீட்டர் ஷீட்டுகளுக்குக் கணக்கு இன்னும் சுலபம். 1220 × 2440 மில்லிமீட்டர் ஷீட்டின் பரப்பு 2.977 சதுர மீட்டர். 18 மில்லி ஷீட் ஒன்று 0.0536 கன மீட்டர். இதிலிருந்து ஒரு குறுக்குவழி கிடைக்கிறது: 336ஐத் தடிமனால் வகுத்தால், ஒரு கன மீட்டருக்கு எத்தனை ஷீட் என்று வந்துவிடும். 6 மில்லிக்கு 56, 12 மில்லிக்கு 28, 18 மில்லிக்கு 18.7. இந்த ஷீட் அளவுக்கு மட்டும் பொருந்தும் எண் அது. 1250 × 2500 மில்லிமீட்டர் ஷீட்டாக இருந்தால் 336க்குப் பதில் 320.

இங்கேயும் பெயரளவு எட்டிப் பார்க்கிறது. முக்கால் அங்குலம், அதாவது 6 நூல், உண்மையில் 19.05 மில்லிமீட்டர். பேச்சில் 18 மில்லியையும் முக்கால் அங்குலத்தையும் ஒன்றாகவே சொல்லிவிடுகிறோம். மேலே சொன்ன 500 ஷீட்டும் 18 மில்லியாக இருந்தால் 28.3 இல்லை, 26.8 கன மீட்டர்தான். அமெரிக்காவில் முக்கால் என்று கேட்டு வாங்கும் பிளைவுட்டின் மேலேயே 23/32 என்று அச்சடித்திருப்பதைப் பார்க்கலாம், அது 18.3 மில்லிமீட்டர். மரவேலையில் ஷீட்டைச் செருகக் காடி எடுக்கிறவருக்கு இந்த முக்கால் மில்லி பெரிய விஷயம். சரக்குக் கணக்கு எழுதுகிறவருக்கும் அப்படித்தான்.

உருட்டு மரத்தை மாற்ற முடியாது, மதிப்பிடத்தான் முடியும்

அறுக்காத கட்டைக்கு வந்தால் கணக்கின் குணமே மாறிவிடுகிறது. 1736இல் எட்வர்டு ஹாப்பஸ் என்ற ஆங்கிலேயர் வெளியிட்ட அட்டவணைகளின் பெயரால் ‘ஹாப்பஸ் அடி’ என்று ஓர் அலகு உண்டு. கட்டையின் நடுவே கயிறு சுற்றிச் சுற்றளவை எடு, நாலால் வகு, வந்ததை அதனாலேயே பெருக்கு, நீளத்தால் பெருக்கு. சுற்றளவு 48 அங்குலம், நீளம் 10 அடி என்றால் நாலில் ஒன்று 12 அங்குலம், அதாவது ஓர் அடி. எனவே 10 ஹாப்பஸ் அடி. மனக்கணக்கிலேயே வந்துவிடுகிறது.

வட்டத்தின் பரப்பை ஒழுங்காகக் கண்டுபிடித்தால் அதே கட்டையில் 12.73 கன அடி மரம் இருக்கிறது. ஹாப்பஸ் கணக்கு 78.5 சதவீதத்தைத்தான் காட்டுகிறது. அறுக்கும்போது கழியும் புறப்பட்டைக்கும் தூளுக்கும் விட்ட தள்ளுபடி என்று மிச்சத்தை எடுத்துக்கொள்ளலாம். ஆக, ஒரு ஹாப்பஸ் அடி என்பது 1.273 கன அடி. பர்மா தேக்கு வணிகத்தில் வரும் ‘ஹாப்பஸ் டன்’ என்பது 50 ஹாப்பஸ் அடி, 1.80 கன மீட்டர். அறுத்த மரத்துக்கு வரும் ‘கன டன்’ என்பது 50 கன அடி, 1.42 கன மீட்டர். இரண்டுக்கும் எடைக்கும் சம்பந்தமில்லை.

அமெரிக்க முறைகள் வேறு மாதிரி. அவை கட்டையில் எவ்வளவு மரம் இருக்கிறது என்று கேட்பதில்லை. அறுத்தால் எத்தனை போர்டு அடி பலகை கிடைக்கும் என்று முன்கூட்டியே ஊகிக்கின்றன. 12 அங்குல விட்டமும் 16 அடி நீளமும் உள்ள ஒரு கட்டைக்கு டாயில் விதி 64 போர்டு அடி என்கிறது. அதே கட்டைக்கு இன்டர்நேஷனல் கால் அங்குல விதி 95 என்கிறது. வெறும் உருளையாகக் கணக்கிட்டால் 151. கட்டை ஒன்றுதான். டாயில் விதி விட்டத்தில் 4 அங்குலத்தை எடுத்த எடுப்பிலேயே கழித்துவிடுவதால் சின்னக் கட்டைகளுக்கு ரொம்பக் கஞ்சத்தனமாக இருக்கும். பெரிய கட்டைகளில் அந்தக் குறை கரைந்துவிடும். எனவே கட்டைக்கான போர்டு அடியைக் கன மீட்டராக்கித் தரச் சொன்னால், எந்த விதி, எந்த விட்டம் என்று தெரியாமல் பதில் சொல்ல வழியே இல்லை.

விறகுக்கும் கூழ்மரத்துக்கும் அடுக்கு அளவு. ஒரு ‘கார்டு’ என்பது 4 × 4 × 8 அடி அடுக்கு, 128 கன அடி, 3.62 கன மீட்டர். ‘ஸ்டெர்’ என்பது ஒரு கன மீட்டர் அடுக்கு. கட்டைகளுக்கு நடுவே இருக்கும் காற்றும் இதில் சேர்த்தி. திட மரம் பெரும்பாலும் 60லிருந்து 75 சதவீதத்துக்குள் இருக்கும், கோணல் கட்டையானால் இன்னும் குறையும்.

பழைய கப்பல் சரக்குப் பட்டியல்களில் ‘பீட்டர்ஸ்பர்க் ஸ்டாண்டர்டு’ என்று ஒன்று வரும். 1½ அங்குலத் தடிமன், 11 அங்குல அகலம், 12 அடி நீளமுள்ள பலகைகள் 120 சேர்ந்தது ஒரு ஸ்டாண்டர்டு. பெருக்கிப் பாருங்கள்: ஒரு பலகை 16.5 போர்டு அடி, 120க்கு 1980 போர்டு அடி, 165 கன அடி, 4.67 கன மீட்டர். பெரிய எண்ணாகத் தெரிந்தாலும் உள்ளே இருப்பது அதே தடிமன், அகலம், நீளம்தான்; 12ஆல் வகுத்தால் வந்துவிடுகிறது.